சொரிமுத்தையன் கோயில் கேம்ப் டூட்டி

விக்கிரமசிங்கபுரத்தில் வேலைக்கும் சங்கு உண்டு, ஓய்வுக்கும் சங்கு உண்டு. பொதிகையிலிருந்து விழுந்து வரும் தாமிரபரணியின் வேகத்தை நம்பி 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் வெளியே வரும். வெளியே வந்தவர்களை அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்க முடியாது. எங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஷிப்ட் முடிந்தால் சைக்கிளை நேரே ஆற்றுக்கு விடுவார், குளிப்பார், டீக்கடையில் தினத்தந்தி படிப்பார், வந்து படுப்பார். "அப்பா தூங்குதாவ, சத்தம் போடாத" என்பது எங்கள் வளவு முழுக்கச் செல்லுபடியாகும் சட்டம்.

அம்மாவுக்குச் சங்கு கிடையாது. அவள் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது அரசு வைத்திருந்த கணக்கு. அந்த ஐயாயிரம் பேரும் எங்கள் வீட்டுக் கதவை எந்த நேரத்திலும் தட்டலாம் என்பது ஊர் வைத்திருந்த கணக்கு. "சிஸ்டரம்மா, மகளுக்கு வலி கண்டிருக்கு, ஒரு எட்டு வந்திருங்க" என்று நடுச்சாமத்தில் குரல் கேட்கும். சோற்றில் கை வைத்திருக்கும்போது கேட்கும். அம்மா கையைக் கழுவிவிட்டுப் பையை எடுப்பாள். அவள் பகலில் கால் நீட்டி உட்கார்ந்து நான் வீட்டில் பார்த்ததில்லை.

அவளை அப்படிப் பார்த்தது ஒரே ஓர் இடத்தில்தான். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையன் கோயிலில் போடும் மருத்துவ முகாமில். அந்த டூட்டிக்குப் பெயர் வந்தால் அக்கம்பக்கத்தார் அம்மாவுக்காகப் பரிதாபப்படுவார்கள். "காட்டுக்குள்ள போட்டுட்டாவளே, யானை கீனை வந்தா என்ன செய்வீய?" என்பார்கள். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கும்போது அவள் முகத்தில் இருந்த தெளிச்சி எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் விழுந்திருந்தால் என்னை வீட்டில் தனியே விட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் ஜீப்பில் ஏறுவேன். எண்பதுகளில் இப்படிப் பல ஆடிகள்.

பாபநாசம் செக்போஸ்ட் தாண்டியதும் காற்றின் மணமே மாறிவிடும். அந்தக் காடு 1962இல் முண்டந்துறைப் புலிகள் சரணாலயம் ஆயிற்று. 1988இல் களக்காட்டையும் சேர்த்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். அந்தக் காட்டின் நடுவில், ஆற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் இருக்கிறார். கூடவே சங்கிலி பூதத்தார், பேச்சியம்மன், பிரம்மராட்சசி, தூசிமாடன், கரடிமாடன், பட்டவராயன் என்று ஒரு பெருங்குடும்பம். மற்ற நாட்களில் குரங்குகளுக்கும் மிளாக்களுக்கும் உரிய இடம். ஆடி அமாவாசை நெருங்கினால் நெல்லை, தூத்துக்குடிச் சீமை முழுவதும் சட்டிப்பானையோடு வந்து இறங்கிவிடும். ஆற்றோரம் எல்லாம் குடில். குடிலுக்கு ஒரு கிடா. அமாவாசையன்று சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடை உடுத்தி வந்து உட்காருவார். 2020இல் மறையும்வரை அந்தக் கோலத்தில் அவரைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வந்தது.

மருத்துவ முகாம் என்பது ஓர் ஓலைக் கொட்டகை, இரண்டு மேஜை, ஒரு பெஞ்சு, மருந்துப் பெட்டிகள். டாக்டர், கம்பவுண்டர், ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆகியோர் இருப்பார்கள். நர்சுகள் மூன்று பேர். பாறையில் வழுக்கி விழுந்தவர், தேள் கடித்தவர், குரங்கு பிராண்டிய பிள்ளை, கறிச்சோறு அதிகமாகிப்போன வயிறு, சாமியாடி மயங்கியவர், அட்டைக்கடி. பூக்குழி இறங்கும் நாளில் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வரிசையாக வருவார்கள். பெரிய விபத்து என்றால் ஜீப்பில் அம்பாசமுத்திரம், அதற்கும் மிஞ்சினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. இந்த வேலைகளைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் என் மனதில் தங்கியது வேலைக்கு இடைப்பட்ட நேரம்.

மூன்று பேரில் மூத்தவர் நாசரேத் அக்கா. ஊர்ப்பெயரால்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். இன்னொருவர் கடையத்து அக்கா. அம்மா, விக்கிரமசிங்கபுரத்தைச் சுருக்கி, வி.கே.புரத்தாள். முதல் நாளே நாசரேத் அக்கா ஏற்பாட்டைச் சொல்லிவிடுவார்: "நம்ம மூணு பேரும் மில்லுக்காரவுக மாதிரி ஷிப்ட் போட்டுக்கிடுவோம். டூட்டி இல்லாதவ கொட்டகைப் பக்கம் தலைய காட்டக் கூடாது. நான் கூப்பிட்டா மட்டும் வந்தாப் போதும்." இப்படித்தான், ஆலை ஊரில் பிறந்து ஆலைக்காரரைக் கட்டிய என் அம்மாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஷிப்ட் கிடைத்தது. ஷிப்ட் கிடைத்ததால் ஷிப்ட் முடிகிற நேரமும் கிடைத்தது.

அந்த நேரம் ஆற்றில் தொடங்கும். கூட்டம் எழும்புமுன், கிழக்கே மலைமுகட்டில் வெளுப்பு விழும்போதே இரண்டு பேர் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது ஆள் கொட்டகையில் இருப்பார், மறுநாள் அவர் முறை. கோயில் படித்துறையை விட்டுக் கொஞ்சம் மேலே போனால், பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீர் நிற்கிற ஒரு தடாகம். ஆடிச் சாரலில் தண்ணீர் வெடவெடவென்று இருக்கும். அம்மா முதலில் காலை மட்டும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சின்ன மீன்கள் வந்து குதிகால் வெடிப்பைக் கொத்தும். கிராமம் கிராமமாக நடந்து வெடித்த கால் அது. "கூசுது" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டதில்லை. பிறகு முங்குவாள். நீந்தத் தெரிந்தவள் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஆற்றோரத்துப் பெண்ணுக்கு ஆறு தெரியாமல் இருக்குமா, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவளை யாரும் நீந்தவிட்டதில்லை. கடையத்து அக்கா கரையில் நின்று, "போதும், வாட்டி, சோறு பொங்கணும்" என்பார். "சோறு நேத்தும் பொங்கினோம், நாளைக்கும் பொங்குவோம்" என்று தண்ணீருக்குள் இருந்தே பதில் வரும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் மட்டுப்படும். பத்தமடைப் பாய் ஒன்றைக் கொட்டகைக்குப் பின்னால் மருத மர நிழலில் விரிப்பார்கள். அப்போது வெளியே வருவது ஒயர் கூடை. எண்பதுகளில் நெல்லைச் சீமையில் ஒயர் கூடை பின்னத் தெரியாத நர்சைப் பார்க்க முடியாது. கைப்பைக்குள் ஒயர்க் கட்டு இல்லாமல் யாரும் கேம்ப் டூட்டிக்கு வந்ததில்லை. சாதாரண முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, எல்லாவற்றுக்கும் மேலே சிவன் கண். நாசரேத் அக்கா சிவன் கண் போடுவதில் கெட்டிக்காரி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், சொரிமுத்தையன் சந்நிதிக்கு நூறு கஜத்தில் உட்கார்ந்து சிவன் கண் பின்னிக்கொண்டிருப்பார். யாருக்கும் அது வினோதமாகத் தோன்றியதில்லை. நாசரேத் லூக்கா ஆஸ்பத்திரியில் தாதிப் படிப்பு படித்தவர். காயத்துக்குக் கட்டுப் போட்டால் அவிழ்க்க மனம் வராது. அந்த விரல்கள் ஒயரைப் பிடித்தாலும் அதே சீர்தான். முடிச்சு ஒன்று பிசகினால் பத்து வரி பின்னியிருந்தாலும் அவிழ்த்துவிடுவார்.

பின்னிய கூடைகளை அவர்கள் விற்கவில்லை. அந்த வருடம் யார் வீட்டில் கல்யாணம், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். அம்மாவுக்குக் கொடுத்த பச்சையும் வெள்ளையும் கலந்த கூடை ஒன்றில் எங்கள் வீட்டில் வெகுகாலம் வெங்காயம் கிடந்தது.

ஒயர் இல்லாத கைகள் சும்மா இருந்துவிடாது. பஞ்சு உருட்டுவார்கள். காடாத் துணியை நீளவாக்கில் கிழித்து முழங்காலில் வைத்து உருட்டி பேண்டேஜ் சுருள் செய்வார்கள். அது வேலைதான், ஆனாலும் பேச்சோடு நடப்பதால் வேலையாகத் தெரியாது. எனக்கும் ஒரு துணி கொடுப்பார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கண்ணாடிச் சிரிஞ்சுகள் கொதிக்கிற களகளச் சத்தம் ஒருபக்கம் கேட்டுக்கொண்டிருக்கும். இன்றைக்குக் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு எறிகிற ஊசிக்குப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியாது. எங்களுக்கு அதுதான் மதியநேரத்துத் தாலாட்டு.

கூடை அலுத்தால் தாயம். கரித்துண்டால் பாறைமேல் கட்டம் போட்டு, ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லைக் காய்களாக வைப்பார்கள். கடையத்து அக்கா தாயக்கட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார். தோற்பது அவருக்குப் பிடிக்காது. காய் வெட்டுப்பட்டால் அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பிறகு அவரே வறுத்த கடலையைப் பிரித்து எல்லாருக்கும் கொடுப்பார். ராணியும் குமுதமும் மூன்று கைகள் மாறும். தொடர்கதையை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பதும் உண்டு. டிரான்சிஸ்டரை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு, திருநெல்வேலி வானொலி அகப்படுகிறதா, இலங்கை வானொலி அகப்படுகிறதா என்று அதைத் திருகுவதே ஒரு பொழுதுபோக்கு. மலைக்கு நடுவே பாட்டு பாதி வரும், இரைச்சல் பாதி வரும். வராத பாதியை அவர்களே பாடி நிரப்புவார்கள்.

காணிக்காரப் பெண்கள் வருவது சாயங்காலம். மயிலாறு, அகத்தியர் காணிக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து தேனும் மிளகும் கிழங்கும் கொண்டுவந்து திருவிழாவில் விற்றுவிட்டு, போகிற வழியில் கொட்டகைக்குப் பின்னால் வந்து உட்காருவார்கள். நோயாளியாக வரிசையில் நின்றால் வாய் திறக்கத் தயங்குகிற பெண்கள், பாயில் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் பேசினார்கள். மாதவிலக்கு, கருத்தடை, பால் கட்டிக்கொண்ட மார்பு, பிள்ளை தங்காத வயிறு. அம்மா தாயம் ஆடிக்கொண்டே பதில் சொல்வாள். அவர்களும் சொல்லிக்கொடுப்பார்கள், எந்தத் தழை எதற்கு என்று. அம்மா அதையெல்லாம் ஒரு பழைய டயரியில் எழுதிக்கொண்டாள். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் 1987இல், கூடப்போன விஞ்ஞானிகளுக்குக் காணிக்காரர்கள் களைப்பு நீக்கும் ஒரு காட்டுச் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அறிவுக்கு உரியவர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்த முன்மாதிரியாக உலகம் அதைப் பேசியது. அந்தச் செய்தியைப் பிற்பாடு படித்தபோது எனக்கு மருத மரத்தடிப் பாய்தான் கண்முன் வந்தது. ஒரு வருடம் முழுக்க வீடுவீடாகப் போய்ப் பேசினாலும் நடக்காத உரையாடல், டூட்டி இல்லாத ஒரு மணி நேரத்தில் நடந்தது. ஓய்வில் இருக்கும் நர்சைத்தான் ஜனங்கள் முழுதாக நம்புகிறார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ராத்திரி வில்லுப்பாட்டு. அமாவாசையை ஒட்டிய நாட்கள் என்பதால் கூரிருட்டு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எட்டுகிற தூரம்தான் உலகம். பட்டவராயன் சந்நிதிப் பக்கம் முத்துப்பட்டன் கதை பாடுவார்கள். பிராமணனாகப் பிறந்தவன் சக்கிலியக் குலத்துப் பொம்மக்காளையும் திம்மக்காளையும் விரும்பி, அவர்கள் தகப்பன் சொன்னபடி குலத்தை விட்டுச் செருப்புத் தைத்து, மாடு மேய்த்து, கடைசியில் ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்துத் தெய்வமான கதை. நைட் டூட்டிக்காரர் கொட்டகையில் இருக்க, மற்ற இருவரும் என்னை நடுவில் உட்காரவைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்பார்கள். பொம்மக்காளும் திம்மக்காளும் தீப்பாயும் இடம் வந்தால் நாசரேத் அக்கா கண்ணைத் துடைப்பார். மறுநாள் பஞ்சு உருட்டும்போது அதே பேச்சுதான். "அவ ரெண்டு பேரும் ஏன் சாகணும்? மாட்ட மேச்சுப் பொழைச்சிருக்கலாம்லா" என்று கடையத்து அக்கா வழக்காடுவார். பிரசவ அறைகளில் எத்தனையோ பெண்களைச் சாவின் வாசலிலிருந்து இழுத்துப் போட்டவர்கள் கேட்கிற கேள்வி அது. பேராசிரியர்கள் அந்தக் கதையைப் பற்றி எழுதியவற்றைப் பின்னாளில் படித்திருக்கிறேன். அந்தப் பாயில் நடந்த விவாதத்தின் சூடு அவற்றில் இல்லை.

பட்டவராயனுக்குக் காணிக்கை செருப்பு. புதுத் தோல் செருப்புகள் சந்நிதியில் கட்டித் தொங்கும். ராத்திரியில் அவர் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவார், அதனால்தான் அவை தேய்ந்திருக்கின்றன என்பது நம்பிக்கை. அம்மா ஓய்வு நேரத்தில் அங்கே போய்ச் சும்மா நின்று அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு மணி கட்டும் மரத்தடிக்குப் போவோம். நேர்ந்துகொண்டவர்கள் கட்டிய மணிகளை மரம் தன் பட்டைக்குள் இழுத்துக்கொண்டு வளர்ந்திருக்கும். மணி விழுங்கி மரம் என்பார்கள். வெளியே தெரியும் விளிம்புகளை நான் விரலால் தடவி எண்ண, அம்மா அவசரப்படுத்தாமல் நிற்பாள். அவசரப்படுத்தாத அம்மா என்பதே எனக்குத் திருவிழாதான்.

இதையெல்லாம் கூப்பிடு தூரத்துக்குள்தான் செய்தார்கள். நீந்தினாலும் தாயம் ஆடினாலும் ஒரு காது கொட்டகைப் பக்கம் இருக்கும். "வி.கே.புரத்தாளே!" என்று நாசரேத் அக்காவின் குரல் வந்தால் ஈரச்சேலையோடு ஓடுவாள் அம்மா. ஒரு மதியம் தாயக்கட்டையை உருட்டப் போன கை அந்தரத்தில் நிற்க, குடிலில் ஒரு பெண்ணுக்கு மாதம் நிறையுமுன் வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தது. மூவரும் போனார்கள். திரும்பும்போது இருட்டிவிட்டது, பிள்ளையும் தாயும் நலம். பாறைமேல் காய்கள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. கடையத்து அக்கா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கட்டையை உருட்டினார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏரிக்கரை முகாம்களுக்கு அனுப்புகிறார்கள், அங்கே முகாமிலேயே தங்கும் நர்சுகள் உண்டு. அவர்களும் நீந்துகிறார்கள், படிக்கிறார்கள், பின்னல் போடுகிறார்கள், கூப்பிட்டால் ஓடுகிறார்கள். காட்டில் தங்கும் நர்சின் பொழுது எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. 1854இல் 38 பெண்களோடு ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போன ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படிப்பறைகள் ஏற்படுத்தினார். உடம்பு தேற மருந்து மட்டும் போதாது, பொழுதும் நன்றாகக் கழியவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வழியில் வந்த பெண்களின் பொழுதைப் பற்றி அவருக்குப் பின் வந்த நிர்வாகங்கள் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. காரையாற்றில் பாயும் கம்பளியும் தாயக்கட்டையும் அவர்களே கொண்டுவந்தவை. படுக்க மருந்துப் பெட்டிகளுக்கு இடையே தரை. கழிப்பறை கிடையாது. இருட்டியபின் டார்ச் லைட்டோடு மூவரும் சேர்ந்து புதர்ப்பக்கம் போய்வருவார்கள், மிளா கத்தினால் என்னை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்காகவே பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் தாங்கள் தாகத்தோடு இருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது திருவிழாவின் முகம் மாறியிருக்கிறது. வனத்துறை தங்கும் நாட்களைக் குறைத்துவிட்டது. தனியார் வாகனங்களை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் மேலே போகவேண்டும். காட்டுக்கும் ஆற்றுக்கும் அது நல்லது. ஆற்றில் விட்டுச் செல்லும் துணிகளையும் பிளாஸ்டிக்கையும் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். 108 ஆம்புலன்ஸ் நிற்கிறது. அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள், முழங்கால் ஒத்துழைக்காததால் ஆற்றுக்கு இறங்குவதில்லை. நாசரேத் அக்கா இன்று இல்லை.

நீங்கள் அடுத்த ஆடிக்குக் காரையாறு போனால் மருத்துவ முகாமைக் கடந்துதான் போவீர்கள். டூட்டி முடிந்து மர நிழலில் உட்கார்ந்திருக்கும் நர்சுகளைப் பார்த்து "சும்மா உட்கார்ந்திருக்காவ" என்று சொல்லாதீர்கள். உங்கள் ஊர் வார்டு உறுப்பினரையோ, விழாக் கமிட்டியையோ, அதிகாரியையோ தெரிந்தவராக இருந்தால் இரண்டே இரண்டு கேளுங்கள். முகாமில் வேலை செய்யும் பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறை. டூட்டி முடிந்தால் கால் நீட்ட, கூரை போட்ட ஓர் அறை. எந்தத் திருவிழாவுக்கும், எந்த ஊர் முகாமுக்கும் இதைக் கேளுங்கள்.